நெருக்கமான நகரத் தெருவில் ஒரு வடிவமைப்புக் கல்லூரி: முதன்முறை வரைபவர்களுக்கான வழிகாட்டி

கட்டடக்கலை மாணவர்களுக்கு மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் தரப்படும் பயிற்சிகளில் அடிக்கடி இடம்பெறுவது, நகரத்தின் நடுவே ஒரு வடிவமைப்புக் கல்லூரியை வரைவதாகும். தாங்களே அன்றாடம் புழங்கும் இடம் என்பதால் இது எளிது என்று பலர் எண்ணித் தொடங்குகிறார்கள். தொடங்கிய இரண்டாம் வாரத்தில், வகுப்பறைகளை வரிசையாக அடுக்கி நடுவில் ஒரு தாழ்வாரத்தை ஓடவிட்ட தரைப்படம் ஒன்று மேசைமேல் கிடக்கும். அது கல்லூரியாகவும் இருக்கலாம், மருத்துவமனையாகவும் இருக்கலாம், வட்டாட்சியர் அலுவலகமாகவும் இருக்கலாம். இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் வாரத்தைத் தவிர்ப்பதற்காக எழுதப்படுகிறது.

வடிவமைப்புக் கல்லூரியை மற்றக் கல்லூரிகளிலிருந்து பிரித்துக் காட்டுபவை இரண்டு. ஒன்று, இங்கே கைவேலை நடக்கிறது: மரம் அறுபடுகிறது, உலோகம் பற்றவைக்கப்படுகிறது, களிமண் சுடப்படுகிறது, சாயம் கொட்டுகிறது. மற்றொன்று, மாணவர்கள் ஆசிரியரிடமிருந்து கற்கும் அளவுக்குப் பக்கத்து மேசையிலிருந்தும் கற்கிறார்கள். பரந்த வளாகத்தில் இவ்விரண்டையும் தனித்தனிக் கட்டடங்களாகப் பரப்பிவிடலாம். நகரத்து மனையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தான் வேண்டும். எனவே என் முதல் அறிவுரை, தரைப்படத்துக்கு முன்னால் குறுக்குவெட்டுப் படத்தை, அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படத்தை, வரையுங்கள் என்பதே. எது எதன் மேல் உட்காருகிறது என்பது தீர்ந்துவிட்டால், தரைப்படம் பெரும்பாலும் தானாகவே விழும்.

பேச்சு காற்றில் நிற்காமலிருக்க, சென்னையில் ஒரு கற்பனை மனையை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக 50 மீட்டர், வடக்கு தெற்காக 40 மீட்டர், ஆக 2,000 சதுர மீட்டர். கிழக்கிலும் வடக்கிலும் சாலை, மூலை மனை.

முதல் படி: மனையில் ஒரு முழு நாள்

அளவு நாடாவையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடாதீர்கள். காலை ஏழு மணிக்கும், உச்சிப் பொழுதிலும், மாலை ஐந்து மணிக்கும் அதே இடத்தில் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேருந்து எங்கே நிற்கிறது, மக்கள் எந்த ஓரமாக நடக்கிறார்கள், தேநீர்க்கடை எங்கே இருக்கிறது, லாரி எந்தப் பக்கமாகப் பின்வாங்கி உள்ளே வர முடியும் என்பவை நில அளவை வரைபடத்தில் இருக்கமாட்டா. சாலை மட்டத்துக்கும் மனை மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டாயம் அளந்து வாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அந்தத் தெருக்காரர்கள் சுவரைத் தொட்டே காட்டுவார்கள். அந்தக் கோட்டை உங்கள் குறுக்குவெட்டில் முதல் கோடாக வரைந்துவிடுங்கள். தரைத்தளத்தைத் தாங்கும் பீடத்தின் மேல்மட்டம் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: கணக்கு

இங்கே பலரும் பிறர் தந்த பரப்பளவுப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். அதைவிட ஒரு மாணவரின் மேசையிலிருந்து தொடங்குவது நல்லது. வரைமேசை 1.2 மீட்டருக்கு 0.75 மீட்டர். நாற்காலியை இழுத்து உட்கார 0.9 மீட்டர். நடைவழியில் பாதிப் பங்கு, பைக்கும் சுருட்டிய தாள்களுக்கும் ஓர் அலமாரி. இவற்றைக் கூட்டினால் தலைக்கு மூன்றரைச் சதுர மீட்டர் வரும். மாதிரி செய்யும் பொதுமேசையும், தாள்களை ஒட்டிவைக்கும் சுவருக்கு முன்னால் நின்று பேச இடமும் சேர்த்தால் ஐந்து. ஆண்டுக்கு 50 பேர், நான்கு ஆண்டுகள் எனில் 200 பேருக்கு ஸ்டுடியோ (மாணவர்கள் மேசை போட்டு வரையும் கூடம்) மட்டும் 1,000 சதுர மீட்டர்.

மற்றவற்றை இப்படி வைத்துக்கொள்ளலாம்: பட்டறைகள் 600, நூலகம் 250, விரிவுரைக்கும் ஜூரிக்கும் (மாணவர் வேலையை நடுவர்கள் பார்த்து விமர்சிக்கும் அமர்வு) உரிய அறைகள் 350, ஆசிரியர் அறைகளும் அலுவலகமும் 350, உணவகம் 150, காட்சிக்கூடம் 150. மொத்தம் 2,850. சுவர், படிக்கட்டு, தாழ்வாரம், கழிப்பறை, குழாய்கள் ஏறும் குழி ஆகியவற்றுக்காக இதை 1.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 18.30 மீட்டர் உயரத்துக்கு மேற்படாத கட்டடங்களுக்கு அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 2,000 சதுர மீட்டர் மனையில் 4,000 சதுர மீட்டர் கட்டலாம். நம் கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது தற்செயல் அன்று. பொருந்தும்வரை மாணவர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நீங்களும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள், ஆகவே அதை வெளிப்படையாகவே செய்யுங்கள். 18.30 மீட்டரைத் தாண்டினால் கட்டடம் பல்மாடி வகைக்குப் போய்விடும். சுற்றிலும் விடவேண்டிய இடைவெளியும் தீயணைப்பு ஏற்பாடுகளும் கூடும். இந்த அளவுள்ள மனையில் முதன்முறை வரைபவர் அந்தக் கோட்டைத் தாண்டாமலிருப்பதே புத்திசாலித்தனம். இடைவெளிகளையும் வண்டி நிறுத்தத்தையும் பற்றிய விதிகள் சாலை அகலத்துக்கேற்ப மாறுவன, அவ்வப்போது திருத்தப்படுவன. வரையும் நாளில் நடப்பிலுள்ள பதிப்பைப் பாருங்கள், சீனியர் தந்த பழைய நகலை நம்பாதீர்கள்.

ஐந்து தளங்கள் எனில் தளத்துக்கு 800 சதுர மீட்டர். வெளிச்சம் உள்ளே வர நடுவில் முற்றம் வேண்டும். 40 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் கொண்ட கட்டடத்தின் நடுவே 20 மீட்டருக்கு 8 மீட்டர் முற்றம் விட்டால் மிஞ்சுவது சரியாக 800. நீளவாட்டில் வடக்கேயும் தெற்கேயும் 8 மீட்டர் ஆழமுள்ள இரண்டு சிறகுகள் கிடைக்கின்றன. தரைத்தளத்துக்கு 4.2 மீட்டரும் மேல்தளங்கள் நான்குக்கும் 3.5 மீட்டரும் கொடுத்தால் கூட்டுத்தொகை 18.2 மீட்டர். உயரத்தை எங்கிருந்து அளப்பது, பீடமும் அதில் சேருமா என்பதை விதியில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பீடத்துக்காக உயரம் குறைந்தால் மேல்தளங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும், பட்டறையிலிருந்து எடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: எது எதன் மேல்

இனிக் குறுக்குவெட்டு. தாளில் ஐந்து கோடுகளைப் போட்டுக்கொண்டு, அறைகளைக் கனம், சத்தம், தூசி என்ற மூன்று அளவுகோல்களால் பிரியுங்கள்.

கனமானதும் இரைச்சலானதும் தூசியானதும் ஒன்றே: மரப்பட்டறை, உலோகப் பட்டறை, சூளை. இவை 400 சதுர மீட்டராவது வரும். தரைத்தளத்தின் பின்பகுதியில், லாரி வரும் முற்றத்தை ஒட்டி இவற்றை வையுங்கள். இந்த முடிவுக்குக் காரணம் பளு மட்டுமன்று. எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட் பலகை ஒன்றை லாரியிலிருந்து இறக்கி அறுக்கும் இயந்திரம்வரை கொண்டுபோகும் வழியை விரலால் ஓட்டிப் பாருங்கள். 2.44 மீட்டர் நீளப் பலகையை இருவர் பிடித்துக்கொண்டு வளைவில் திரும்ப வேண்டியிருந்தால் வரைபடம் தோற்றுவிட்டது. மாணவனாக இருந்தபோது நான் வரைந்த முதல் கல்லூரியில் மரப்பட்டறை மூன்றாம் தளத்தில் இருந்தது, நல்ல காற்றுக்காக. ஜூரிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் என் அளவுகோலை வாங்கி, லிப்ட் அறையின் குறுக்கே வைத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிட்டார்.

அதே தளத்தின் முன்பகுதியில், சாலை மூலையில், காட்சிக்கூடம். முதல் தளத்தில் நூலகமும் விரிவுரை, ஜூரி அறைகளும். நூலகத்தை உச்சியில் வைக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. காட்சி அழகாக இருக்கும். ஆனால் இந்தியத் தரநிலை 875இன் இரண்டாம் பகுதி, வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை) பளுவைக் கணக்கிடச் சொல்லும்போது, புத்தக அடுக்குகள் நிற்கும் அறைக்கு, அடுக்கின் உயரம் 2.2 மீட்டர்வரை என்றாலே, 6 கிலோநியூட்டன் கேட்கிறது. அதாவது இருமடங்கு. அந்தக் கனத்தை நான்கு தளம் தூக்கிக்கொண்டு போவதற்கு நியாயம் வேண்டும். நூலகத்தைக் காட்சிக்கூடத்தின் மேலும், ஜூரி அறைகளைப் பட்டறையின் மேலும் வைத்தால் அமைதி கெடாது. ஜூரி அறையில் எப்படியும் அமைதி இருப்பதில்லை.

மேலே மூன்று தளங்களும் ஸ்டுடியோக்களுக்கு. இவற்றோடு ஆசிரியர் அறைகளையும், அச்சு, நெசவு, கணினி போன்ற சத்தமில்லாத பட்டறைகளையும் கலந்து வையுங்கள். ஆசிரியர்களுக்கென்று தனித்தளம் ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. கதவைத் திறந்தால் மாணவர் மேசை தெரிய வேண்டும். உணவகத்தை ஸ்டுடியோத் தளங்களின் நடுவில், மூன்றாம் தளத்தில் வைத்துப் பாருங்கள். சமையல் வெளியே நடக்கட்டும், இங்கே பரிமாறினால் போதும். தரைத்தளத்தில் வைத்தால் முதலாண்டு மாணவர்களும் இறுதியாண்டு மாணவர்களும் சந்திக்கவே மாட்டார்கள். அவரவர் தெருவுக்குப் போய்விடுவார்கள்.

அடுக்குவது தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று, அமெரிக்காவின் நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழகத்துக்காகப் பால் ருடால்ஃப் வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்ட கலை, கட்டடக்கலைப் பள்ளிக் கட்டடம். நகரத் தெருமூலையில் நிற்கும் அந்தக் கட்டடத்துக்குள் 37 வெவ்வேறு மட்டங்கள் உண்டு. கட்டடக்கலை மாணவர்களுக்கு அது விருந்து. சிற்பம் பயின்றவர்களுக்கோ கூரை தாழ்ந்த அடித்தளம் கிடைத்தது, அவர்களும் ஓவியர்களும் குறைப்பட்டுக்கொண்டார்கள். 1969இல் தீப்பிடித்து, பலவகையாக மாற்றப்பட்டு, 2008இல்தான் சீரமைக்கப்பட்டது. அதன் குறுக்குவெட்டை நகலெடுத்து வரைந்து பாருங்கள், மணிக்கணக்கில் கற்கலாம். அதே சமயம், ஒவ்வொரு மட்டத்திலும் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் எழுதிப் பாருங்கள்.

நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவும் பதினான்காம் தெருவும் கூடுமிடத்தில் நியூ ஸ்கூல் பல்கலைக்கழகத்துக்காக ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனம் வடிவமைத்து 2014இல் திறக்கப்பட்ட மையக் கட்டடம் இன்னொரு பாடம். புகழ்பெற்ற பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளி இந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மொத்தம் 16 தளங்கள். கீழே ஏழு தளங்களில் படிப்பு, மேலே ஒன்பது தளங்களில் மாணவர் விடுதி. ஊர் நடுவில் நிலம் இல்லாதபோது வளாகத்தை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இதன் படிக்கட்டுக்குப் பிறகு வருவோம்.

நான்காம் படி: வெளிச்சம்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். பாடநூல்கள் நம்மூர் மாணவர்களை அதிகமாகக் குழப்புவது இங்கேதான்.

கலைப்பள்ளிக்கு வடக்கு வெளிச்சம் என்பது ஐரோப்பியப் பாடம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலைப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ் வடிவமைத்த அந்தக் கட்டடம் 1897 முதல் 1899 வரையிலும், பின்னர் 1907 முதல் 1909 வரையிலும் இரு கட்டங்களாக எழுந்தது. ரென்ஃப்ரூ தெருவை நோக்கிய அதன் வடமுகத்தில் பெரும்பெரும் ஸ்டுடியோ சன்னல்கள். கிளாஸ்கோ ஏறத்தாழ 56 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கோடையின் விடியற்பொழுதையும் மாலைப்பொழுதையும் தவிர, பள்ளி நடக்கும் நேரத்தில் வடசுவரில் நேர்வெயில் படுவதில்லை. ஆகவே சன்னலை எவ்வளவு பெரிதாக்கினாலும் கிடைப்பது நிழலற்ற, நிலையான வானொளி.

சென்னை 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மாதக் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மாத நடுப்பகுதிவரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21இல் சூரியன் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதித்து, நாள் முழுவதும் வானத்தின் வடபாதியிலேயே சென்று மறைகிறது. எனவே கிளாஸ்கோவின் சன்னலைச் சென்னையில் வரைந்தால், வெக்கை மிகுந்த மாதங்களில்தான் வெயில் உள்ளே வரும். அகமதாபாத்தில் பாலகிருஷ்ண தோஷி 1960களில் வடிவமைத்த கட்டடக்கலைப் பள்ளி செங்கல் சுவர்களுக்கிடையே வடக்கு வெளிச்சத்தை அழகாக வாங்குகிறது என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அகமதாபாத் 23 பாகையில், கடகரேகைக்கு அருகில் உள்ளது. அங்கே ஜூன் மாத நடுப்பகலில்கூடச் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலையில்தான் நிற்கும். பத்துப் பாகை வேறுபாடு பெரிய வேறுபாடு.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. வடமுகத்தில் காலை, மாலை வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக வருவதால் நிறுத்துவாட்டுத் தடுப்புகள் அதை எளிதில் மறித்துவிடும். தடுப்புகளுக்கிடையே 1 மீட்டர் இடைவெளி என்றால் அரை மீட்டர் ஆழம் போதும். நடுப்பகல் வெயிலுக்கு மேலே ஒரு சிறிய சன்ஷேட். தென்முகத்தில் கணக்கு வேறு: டிசம்பர் உச்சிப்பொழுதில் சூரியன் 53 பாகை உயரத்தில் நிற்பதால், 1.5 மீட்டர் உயரச் சன்னலை முழுவதும் நிழலில் வைக்க 1.1 மீட்டர் நீட்டிய சன்ஷேட் தேவை. கிழக்கும் மேற்கும் தாழ்ந்த வெயில் நேராக அடிக்கும் பக்கங்கள். அங்கே ஸ்டுடியோ வேண்டாம். மேற்கு முனையைக் கழிப்பறை, படிக்கட்டு, குழாய்க்குழி ஆகியவற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை சாரலாக அடிப்பதும் வடக்கு, கிழக்குச் சன்னல்கள்மீதுதான் என்பதால் அந்தத் தடுப்புகள் இரண்டு வேலை செய்யும். தாள்களில் சாரல் பட்டால் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம்வரை பகல் வெளிச்சம் பயன்படும் என்பது பழைய கைக்கணக்கு. 3.5 மீட்டர் தளத்தில் உத்தரம் போக 2.9 மீட்டரில் சன்னல் முடிந்தால் ஏழு மீட்டர் வரும். நம் சிறகு 8 மீட்டர்; மறுபுறம் முற்றம் இருப்பதால் இருபுறமும் வெளிச்சம் சந்தித்துக்கொள்ளும். ஆனால் 8 மீட்டர் அகலமும் 18 மீட்டர் உயரமும் உள்ள முற்றம் கீழே போகப்போகக் கிணறாகிவிடும். மேல்தளங்களின் சுவரை ஒன்றிரண்டு மீட்டர் பின்வாங்கி முற்றத்தை மேல்நோக்கி விரித்தால் கீழ்த்தளங்களுக்கு வானம் கூடுதலாகத் தெரியும். அதற்கு ஈடான பரப்பை எங்கே மீட்பது என்பது உங்கள் தலைவலி. எனக்குத் தெரிந்தவரை எல்லா நல்ல குறுக்குவெட்டும் இந்தத் தலைவலியில்தான் பிறக்கிறது.

கண்ணாடிச் சுவரின்மேல் காதல் கொண்டவர்களுக்கு ஒரு சொல். ஜெர்மனியின் டெஸாவ் நகரில் வால்டர் குரோப்பியஸ் வடிவமைத்து 1926இல் திறக்கப்பட்ட பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளிக் கட்டடத்தின் பட்டறைச் சிறகு மூன்று தளங்களுக்குக் கண்ணாடி போர்த்தியது. படத்தில் இன்றும் மனத்தை அள்ளும். உள்ளே வேலை செய்தவர்கள் கோடையில் வெந்தார்கள், குளிர்காலத்தில் நடுங்கினார்கள். ஏறத்தாழ 52 பாகை அட்சத்திலேயே அந்த நிலை என்றால் நம் கத்திரி வெயிலுக்கு என்ன ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: படிக்கட்டு

நெட்டுக்குத்தான கல்லூரியில் பொதுவிடம் என்பது பெரும்பாலும் படிக்கட்டுத்தான். தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள். படியில் நிற்கிறார்கள், உட்கார்கிறார்கள், மேலேயும் கீழேயும் பார்க்கிறார்கள். முன்பு குறிப்பிட்ட நியூயார்க் கட்டடத்தில் பித்தளைத் தகடுகள் வேய்ந்த முகப்பைக் கிழித்துக்கொண்டு கண்ணாடிப் பட்டைகள் சாய்வாக ஓடுகின்றன. அவற்றின் பின்னால் அகன்ற படிக்கட்டுகளில் மாணவர்கள் ஏறி இறங்குவது தெருவில் போகிறவர்களுக்கே தெரிகிறது. முகப்பின் அழகு என்று தனியே ஒன்று அங்கே இல்லை. மாணவர் நடமாட்டமே முகப்பு.

உங்கள் கட்டடத்தில் படிக்கட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்து எண்ணுங்கள். முதல் வகை, தப்பிப்பதற்கானது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, கல்வி நிலையங்களில் இந்த உயரத்துக்குக் குறைந்தது 1.5 மீட்டர் அகலப் படிக்கட்டைக் கேட்கிறது. படியின் மிதிபரப்பு 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, உயரம் 150ஐத் தாண்டக் கூடாது. கான்கிரீட் கட்டடத்தில் எந்த இடத்திலிருந்தும் வெளியேறும் வழிக்கு நடக்கும் தொலைவு 30 மீட்டருக்குள் அடங்க வேண்டும். நம் 40 மீட்டர் நீளக் கட்டடத்தில் கிழக்கு முனையில் ஒன்று, மேற்கு முனையில் ஒன்று என இரண்டு மூடிய படிக்கட்டுகளை வைத்தால் இது தீர்ந்தது. 3.5 மீட்டர் தளத்துக்கு 24 படிகள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வீச்சு. நடுமேடைகளோடு சேர்த்து 6.3 மீட்டர் நீளம் பிடிக்கும். 8 மீட்டர் சிறகில் வசதியாக உட்காரும். இதைக் கடைசியில் செருகலாம் என்று விட்டவர்கள் ஸ்டுடியோவின் நடுவில்தான் செருகியிருக்கிறார்கள்.

இரண்டாம் வகை, சந்திப்பதற்கானது. முற்றத்தின் ஓரமாகத் திறந்த படிக்கட்டு ஒன்று, தளத்துக்குத் தளம் இடம் மாறி ஏறட்டும். ஒவ்வொரு மேடையும் ஒரு ஸ்டுடியோவின் வாசலில் முடிந்தால், நான்காம் தளத்துக்குப் போகிறவர் மூன்று ஆண்டுகளின் வேலைகளைப் பார்த்துக்கொண்டே போவார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி இயங்கும் கண்ட் ஹால் கட்டடத்தில் (வடிவமைத்தவர் ஜான் ஆண்ட்ரூஸ், 1972) ஸ்டுடியோக்களே படிபடியாக ஒரே சாய்கூரையின்கீழ் இறங்குகின்றன. எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். எல்லாரும் எல்லாருடைய பேச்சையும் கேட்கவும் வேண்டியிருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் விலனோவா ஆர்ட்டிகாஸ் வடிவமைத்து 1969இல் திறக்கப்பட்ட கட்டடக்கலைப் பள்ளியில் படிக்குப் பதிலாகப் பெரும் சரிவுப்பாதைகளே தளங்களை இணைக்கின்றன, வாசலுக்குக் கதவே இல்லை. அது வளாகத்தில் நிற்கும் கட்டடம். நம்மூர் விதிப்படி சரிவு 1:12 என்றால் 3.5 மீட்டர் ஏற 42 மீட்டர் நீளமும் இடைமேடைகளும் வேண்டும். நம் மனையில் அதற்கு இடம் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வாசலில் சரிவுப்பாதையும் எல்லாத் தளத்துக்கும் லிப்டும் கொடுங்கள், அந்த லிப்டும் திறந்த படிக்கட்டின் பக்கத்திலேயே இருக்கட்டும். சந்திப்பிலிருந்து யாரையும் பின்வாசலுக்கு அனுப்பக் கூடாது.

ஆறாம் படி: தூணும் குழியும்

தூண்களின் இடைவெளியை மேசையிலிருந்து எடுங்கள். நீளவாட்டில் 5 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் இடையே 1.2 மீட்டர் மேசைகள் நான்கு அடங்கும். 40 மீட்டரில் எட்டுக் கண்ணறைகள். அகலவாட்டில் 8 மீட்டர் சிறகை நடுவில் தூணின்றித் தாண்டிவிடலாம், 600 மில்லிமீட்டர் உத்தரம் தாங்கும். இறுதி அளவைக் கட்டமைப்புப் பொறியாளரே சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் தூணில்லாத தரை கிடைத்தால் மேசைகளை ஆண்டுதோறும் வேறுமாதிரி போட்டுக்கொள்வார்கள். அதை நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை.

குழாய்க்குழிகளை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கல்லூரிக்கு மற்றவற்றைவிட அதிகக் குழிகள் தேவை: மரத்தூளை உறிஞ்சும் குழாய், சூளையின் வெப்பம் வெளியேறும் குழல், லேசர் வெட்டும் இயந்திரத்தின் புகை, வண்ணம் தெளிக்கும் அறையின் காற்று. எல்லாம் மொட்டைமாடிவரை போக வேண்டும். தளத்துக்குத் தளம் அவை எங்கே தாண்டுகின்றன என்பதைக் குறுக்குவெட்டில் காட்டுங்கள்; தாண்டும் ஒவ்வோர் இடத்திலும் தீ ஏறாதபடி அடைக்கப்பட வேண்டும் என்று எழுதியும் வையுங்கள். 2014 மே 23 அன்று கிளாஸ்கோ கலைப்பள்ளியின் அடித்தளத்தில், மாணவர் படைப்பு ஒன்றுக்குப் பயன்படுத்திய நுரைப்பொருளின் வாயு, சூடான புரொஜெக்டரில் பட்டுப் பற்றிக்கொண்டது. பழைய காற்றோட்டக் குழிகள் வழியாகத் தீ மேலே ஏறியது. மக்கின்டாஷின் நூலகம் அழிந்தது. சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோது 2018 ஜூனில் மறுபடியும் பற்றி, அந்த முறை கட்டடம் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்தது. வடிவமைப்புக் கல்லூரியில் தாளும் மரமும் பசையும் சாயமும் எங்கும் கிடக்கும். பொதுவான வகுப்பறைக் கட்டடத்தின் எச்சரிக்கை இங்கே போதாது.

ஏழாம் படி: தெருவும் தரைத்தளமும்

கிழக்குச் சாலை மூலையில் காட்சிக்கூடத்தை வைத்தோம். அதன் சன்னல் தெருவில் போகிறவரின் கண்மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்துக்காகப் பீடத்தை உயர்த்தியிருந்தால் இருக்காது. அப்போது படிகளை அகலமாக்கி, உட்காரும் திண்ணைபோலத் தெருவுக்குக் கொடுத்துவிடலாம். பழைய வீடுகளின் தெருத்திண்ணை செய்த வேலையும் அதுதான். வடக்குச் சாலைப் பக்கம் மரப்பட்டறையின் சன்னலைத் திறந்து வைத்தால், உள்ளே வேலை நடப்பதைக் குழந்தைகள் நின்று பார்ப்பார்கள். சுற்றுச்சுவரை ஆளுயரத்துக்கு எழுப்பிவிட்டு உள்ளே நகரத்தைப் பற்றிப் பாடம் நடத்துவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கனடாவில் டொரன்டோவின் ஒன்டாரியோ கலை, வடிவமைப்புக் கல்லூரிக்காக வில் ஆல்சப் வடிவமைத்து 2004இல் முடிந்த ஷார்ப் மையம் இந்தக் கேள்விக்கு வேடிக்கையான விடை தந்தது. இரண்டு தளப் பெட்டியொன்றைப் பழைய கட்டடத்துக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்தில், வண்ணம் தீட்டிய 12 சாய்ந்த எஃகுக் கால்களில் நிறுத்திவிட்டார்கள். கீழே மண் நகரத்தாருக்கே மிஞ்சியது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தரையை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். சம்ப், மேல்நிலைத் தொட்டி, ஜெனரேட்டர், மின்மாற்றி ஆகியவற்றுக்கும் மேற்குப் பக்கத்தில் இடம் குறித்துவிடுங்கள். மின் அறை வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.

எட்டாம் படி: இப்போது முகப்பு

இதுவரை முகப்பை வரையவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வடக்கில் நிறுத்துத் தடுப்புகள், தெற்கில் நீண்ட சன்ஷேட்டுகள், மேற்கில் பெரும்பாலும் மூடிய சுவர், கிழக்கில் காட்சிக்கூடமும் படிக்கட்டும் என நான்கு முகங்களும் ஏற்கெனவே நான்கு விதமாக வந்துவிட்டன. இனி வேண்டியது அளவும் பொருளும் மட்டும். நான்கு பக்கமும் ஒரே மாதிரி முகப்பு வைத்தவரைப் பார்த்தால், அவருடைய கட்டடத்தில் சூரியன் எங்கே உதிக்கிறது என்று கேளுங்கள்.

ஜூரிக்கு முன்னால், நூற்றில் ஒரு பங்கு அளவில் அட்டையில் ஒரு மாதிரியைச் செய்யுங்கள். முற்றத்தின் வழியாக நீளவாட்டில் பிளந்து இரண்டாகத் திறக்கும்படி செய்வது முக்கியம். மொட்டைமாடியில் அதை வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பிறகு அதே அளவில் 24 மில்லிமீட்டருக்கு 12 மில்லிமீட்டர் தாள் துண்டு ஒன்றை வெட்டுங்கள். அதுதான் உங்கள் ப்ளைவுட் பலகை. லாரி நிற்கும் இடத்திலிருந்து அதை விரலால் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் கொண்டுபோங்கள். பட்டறையிலிருந்து செய்து முடித்த பொருளை லிப்டில் ஏற்றி ஜூரி அறைக்கும், அங்கிருந்து காட்சிக்கூடத்துக்கும் கொண்டுவாருங்கள். எங்கே தாள் முட்டுகிறதோ, அங்கே திரும்பவும் வரையத் தொடங்குங்கள்.